புத்தகத்துக்கும் ஒரு பங்கு

1

"…வாடகைம்மா அது. நம்மளது இல்ல. செமஸ்டர் முடிஞ்சதும் கடைல திருப்பிக் குடுக்கணும்," என்று வாசலிலேயே நின்று சொன்னாள் என் மகள் தாரணி. ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொரு காலில் இல்லை. நான் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, ஐந்தாவது துண்டின் முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

தாரணி சாதாரணமாகக் கோபப்பட்டால் ஆங்கிலத்தில் கோபப்படுவாள். ஆறு வயதில் திருவொற்றியூரிலிருந்து கனடாவுக்கு வந்த பிள்ளை, இப்போது பதினெட்டு. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இரண்டு ரேடியோ ஸ்டேஷன் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற மாதிரி. அவள் முழுசாகத் தமிழில் பேசினால் ஒன்று பசி, இல்லையென்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

நடந்தது இதுதான். அவள் நர்ஸிங் முதல் வருஷம். உடம்பைப் பற்றிய பாடத்துக்கு ஒரு புத்தகம், ஆயிரத்துக்கும் மேலே பக்கம், தூக்கினால் அம்மிக்கல். அதை முதுகில் சுமந்து இரண்டு பஸ் மாறிக் காலேஜுக்குப் போய், அங்கிருந்து காபிக் கடை வேலைக்குப் போய், வீட்டுக்கு வந்து தோளைத் தேய்த்துக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் புதன்கிழமை எனக்கு லீவு. புத்தகத்தைப் புரட்டினால் உள்ளே ஐந்து யூனிட். ஐந்து என்று பார்த்ததுமே என் கை சும்மா இருக்கவில்லை. முதுகை அறுத்தேன், ஐந்தாகப் பிரித்தேன், ஒவ்வொன்றையும் தைத்தேன், அட்டை கட்டினேன், பழைய திரைச்சீலையைக் கிழித்து முதுகுத் துணி ஒட்டினேன். பின்னட்டையில் கோடு கோடாக ஏதோ ஸ்டிக்கர் இருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, சுத்தமாக எடுத்துவிட்டேன்.

அந்த ஸ்டிக்கர்தான் அது வாடகைப் புத்தகம் என்பதற்கு அடையாளம்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த வாடகைச் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே காலேஜ் புத்தகம் ஒன்றின் விலையைக் கேட்டால், கேட்டவர் உட்கார இடம் தேடுவார். அதனால் காலேஜுக்குள்ளேயே இருக்கிற கடையில் புத்தகத்தை நாலு மாசத்துக்கு வாடகைக்குத் தருவார்கள். பெயரையும் கார்டு நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். பரீட்சை முடிந்ததும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 'அப்படியே' என்ற வார்த்தைதான் முக்கியம். நான் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்தைத் திருப்பிக் கொடுக்கிற நிலையில் இருந்தேன்.

நாங்கள் இருப்பது ஹாலிஃபாக்ஸ், கிழக்குக் கரைத் துறைமுக ஊர். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளியில் கப்பல் வெல்டராக இருந்தவர், அந்தக் கைவேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. படுக்கை விரிப்புகளை எண்ணி, மடித்து, வார்டு வார்டாக வண்டியில் அனுப்புகிற அறை. என் பி.காம். சான்றிதழை இங்கே மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். பணம் கட்டி, மூல நகல் அனுப்பி, முத்திரை போட்ட உறையில் மறுபடி ஒருமுறை அனுப்பி, எட்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. நான் படித்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது துறைமுகத்தில் கண்டெய்னர் பெட்டிகள் அடுக்கியிருப்பது தெரியும். அதே சிவப்பு, அதே நீலம். எண்ணூர் நெடுஞ்சாலையில் அந்தப் பெட்டிகளின் வரிசைக்கு நடுவே சைக்கிளை நுழைத்துக் காலேஜுக்குப் போனவள் நான். இங்கே அவை சத்தமில்லாமல் நிற்கின்றன.

அந்த இலையுதிர் காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் கப்பல் யார்டில் வேலை நாட்கள் குறைந்துபோயின. தாரணி ஒரு சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, அடுத்த செமஸ்டரின் முதல் தவணையை நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். யாரும் கேட்கவில்லை. அதற்காகத்தான் காபிக் கடை. அதற்காகத்தான் புத்தகம் வாடகைக்கு. நவம்பர் கடைசிக்குள் தவணை கட்டாவிட்டால் லேப் வகுப்பில் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். வெளியே ஒரு வரிசையே அந்த இடத்துக்குக் காத்திருக்கிறது. போனால் ஒரு முழு வருஷம் போச்சு.

வேலை தேடியது எப்படித் தெரியுமா? லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாள். ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு இடத்திலிருந்து பதில் இல்லை. நேரில் போய்க் கேளேன்டி என்றேன். யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்கம்மா, பயந்துடுவாங்க என்றாள். காபிக் கடையிலிருந்து கடைசியில் கூப்பிட்டார்கள். அங்கே கூட வேலை பார்க்கிற அமினா என்ற பெண் இவளுடைய வகுப்புதான். அவளிடம் புத்தகமே இல்லை. வாடகைக்கு எடுக்கவும் கையில் இல்லை. தாரணி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்ப, அதை ஃபோனிலேயே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவையும் சேர்த்துத்தான் நான் அறுத்திருக்கிறேன்.

3

நான் வேலை தேடிய கதை வேறு. எங்கள் காலேஜில் காலை ஷிஃப்ட். ஒரு மணிக்கு விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ராயபுரத்திலிருந்து பாரிமுனை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள். மருந்துக் கடையில் ஆம்பளைப் பசங்கதான் வேணும் என்றார்கள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேரை எழுதிக்கொண்டார்கள், இன்னும் அந்தப் பேர் அங்கேதான் இருக்கும்.

ஐந்தாவது நாள் காதர் பாய் கடை. கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்களில் மாசா மாசம் சேருகிற ஷிப்பிங் பில்களை அடுக்கி, தைத்து, தடி தடியாக பைண்டு செய்து கொடுக்கிற கடை. நான் வேலை கேட்டதும் அவர் என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை.

"மாவு கிண்டுவியா, கட்டி தட்டாம?"

"கேழ்வரகுக் களி கிண்டுவேன்."

"அப்ப பசையும் கிண்டுவ. நாளைக்கு வா."

அவ்வளவுதான் இன்டர்வியூ. மைதாவும் மயில்துத்தமும் போட்டுப் பசை காய்ச்சுவதில் ஆரம்பித்து, ஒரு மாசத்தில் தையலுக்கு வந்தேன். சாயங்காலம் மூன்றிலிருந்து ஏழு வரை வேலை. வாரச் சம்பளம், கூடவே வெட்டி மிச்சமான அட்டையும் காலிகோ துணியும் எனக்கு.

காதர் பாய் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷர். அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் தனிப் புத்தகம் ஆகும். கவர்மெண்ட் பேப்பருக்குப் பசை கொஞ்சம் போதும், அதுவே ஒட்டிக்கும் என்பார். லீவு கேட்டால், உடம்பு சரியில்லன்னு சொல்லாத, எந்த எடம் சரியில்லன்னு சொல்லு என்பார். ஆனால் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் வாயை மூடிவிடுவார். ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "யாருது?"

இது அவருடைய கடையின் சட்டம். கட்டைக் கொண்டுவந்தவர் யாரோ, அவர் அந்தக் கட்டின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். வாயால் என்னுது என்று சொன்னால் செல்லாது, கை வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் கத்தி இறங்கும். எப்போதோ ஒரு ஆபீஸ் பையன் இரண்டு கம்பெனி பில்லைக் கலந்து கொண்டுவந்து போட, இவர் ஓரம் வெட்டியதில் யாருடைய முத்திரையோ பாதியாகப் போய்விட்டதாம். அதிலிருந்து இந்த வழக்கம். பெரிய ஆபீஸ் மேனேஜரே வந்தாலும் கை வைக்காமல் விட மாட்டார். "வாய் மாத்திப் பேசும் சார், கை பேசாது," என்பார்.

அவர் கடையில் இரண்டரை வருஷம் இருந்தேன். அறுக்கக் கற்றுக்கொண்டேன், தைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் வார்த்தையை மட்டும் இங்கே வரும்போது எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

4

புத்தகத்தை ஐந்தாக அறுக்கிற யோசனை என்னுடையது அல்ல. அது தேசம்மாளுடையது.

தேசம்மாள் திருவொற்றியூர்க் கரையோரக் குப்பத்துப் பெண். அப்பா படகுக்காரர். நாங்கள் ஐந்து பேர் ஒரே பெஞ்சு, ஐந்து பேரிடமும் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் இல்லை. லைப்ரரியில் இருந்த இரண்டு பிரதிகள் வாத்தியார்கள் வீட்டில் இருந்தன. மூர் மார்க்கெட் பழைய கடைகளில் தேடினால் பழைய சிலபஸ்தான் கிடைத்தது. கடைசியில் ஐந்து பேரும் போட்டுப் புதுசாகவே ஒன்று வாங்கினோம். வாங்கிய அன்றைக்கே சண்டை. முதலில் யார் வீட்டுக்குப் போவது? ஒருத்தி சீட்டுக் குலுக்கலாம் என்றாள். ஒருத்தி, எங்க வீட்டில்தான் டியூப் லைட் இருக்கிறது என்றாள்.

தேசம்மாள் அதுவரை வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "எங்க வலைல மீன் வந்தா முழுசாவா ஒருத்தன் வூட்டுக்குத் தூக்கினு போவான்? கரைலயே பங்கு போட்டுட்டுத்தான் போவான். அஞ்சு யூனிட்டு, அஞ்சு பேரு. அறுத்துடலாம்டி."

அவர்கள் குப்பத்தில் பங்கு எப்படி என்றால், கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு, அதோடு படகுக்கும் பங்கு உண்டு. படகு சாப்பிடாதுதான். ஆனால் நாளைக்கு அதற்குப் பலகை மாற்ற வேண்டும், மெஷினுக்கு டீசல் போட வேண்டும். அதனால் எங்கள் கணக்கில் ஐந்து பேருக்கு ஆறு பங்கு. ஆறாவது, புத்தகத்தின் பங்கு. ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டு தேசம்மாளிடம் கொடுத்து வைப்போம். கிழிந்த துண்டைத் தைக்க, அடுத்த புத்தகம் வாங்க.

கடைக்குக் கொண்டுபோனால் காதர் பாய் கத்தியை எடுக்கவே இல்லை. "பிரிஞ்சத சேக்கத்தான் கடை வெச்சிகீறேன். சேந்தத பிரிக்கச் சொல்றீங்களே, நல்லாகீதா?" என்றார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "யாருது?" என்றார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கையை வைத்தோம். அந்தப் புத்தகம் கண்ணுக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு துண்டின் உள்ளட்டையிலும் ஐந்து பேர் பெயரை எழுதினோம். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை துண்டு கை மாறும். வாங்கிக்கொண்டவள் தன் பேருக்கு நேரே ஒரு டிக் போட வேண்டும். நான் மூன்றாவது யூனிட்டை முதலில் படித்தேன், முதல் யூனிட்டை மூன்றாவதாகப் படித்தேன். அதனாலோ என்னவோ, வாழ்க்கையிலும் பல விஷயம் எனக்கு நடுவிலிருந்துதான் புரிகிறது.

5

நடந்ததைச் சொல்ல, வாடகைக் கடைக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். தாரணிக்கு இஷ்டமில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் ஐந்து துண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். இரண்டாவது யூனிட்டின் முதுகைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த நிமிஷமே ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார். முதுகு பிரிந்த புத்தகத்தை அவர்கள் திரும்ப எடுக்க மாட்டார்கள். புதுப் புத்தகத்தின் முழு விலையையும் கட்டி, இதை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நன்றாகத் தைத்த முதுகுக்கும் பிரிந்த முதுகுக்கும் விதிகளில் வித்தியாசம் இல்லை.

ஃபாரத்தில் சேதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டு நான்கைந்து கட்டம் போட்டிருந்தது. தண்ணீர், தீ, வளர்ப்புப் பிராணி, மற்றவை. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் தாரணி பேனாவை வாங்கினாள். 'மற்றவை'யைக் குறியிட்டாள். விவரம் எழுதச் சொன்ன கோட்டில் ஆங்கிலத்தில் 'அம்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கவுண்டர் அம்மாள் அதைப் படித்தார், சிரிக்கவில்லை. எனக்கும் இப்படி ஒருத்தர் இருந்தார் என்று மட்டும் சொல்லி முத்திரை குத்தினார்.

கார்டைத் தேய்த்தவள் தாரணி. என் கார்டை நீட்டினேன், அதை மெதுவாகத் தள்ளிவிட்டாள். தவணைக்கு என்று சேர்த்து வைத்திருந்ததில் பெரிய பகுதி அந்த ஒரு தேய்ப்பில் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம், வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எனக்கோ பேசாமல் இருக்க முடியாது. அவள் கேட்கவில்லை என்று தெரிந்தே பேசிக்கொண்டு வந்தேன். காதர் பாயைப் பற்றிச் சொன்னேன். யாருது என்று கேட்பாரே, கை வைக்கச் சொல்வாரே, அதைச் சொன்னேன். நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவள் தலை ஏதோ தாளத்துக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் இருந்த கிழவர்தான் என்னைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

6

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் சத்தம் இல்லை, சண்டையும் இல்லை. அவள் காபிக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வேலை வாங்கிக்கொண்டாள். முன்பு புத்தகங்களைச் சோபாவில் போட்டுவிட்டுப் போவாள், இப்போது அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுகிறாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். காலேஜ் எப்படி என்றால் நல்லா இருக்கு என்பாள். ஒரு கேள்விக்கு ஒரு பதில், வங்கிக் கவுண்டர் மாதிரி. எனக்கு அந்தப் பணத்தைவிடக் கதவுதான் உறுத்தியது.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை தேசம்மாளுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம். அவள் இப்போது படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்கிறாள். "பி.காம். படிச்சிட்டு ஐஸ் விக்கறேன். சரக்கு கரைஞ்சிகினே கீது. அதுக்கு எந்த யூனிட்ல பாடம் வெச்சாங்க?" என்பாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் கொஞ்ச நேரம் சிரித்தாள். ஃபோன் ஆடி, ஐஸ் பெட்டியும் வானமும் மாறி மாறித் தெரிந்தன.

"வாடகை புக்கையாடி அறுத்த? கேக்காமயா? காதர் பாய்க்குத் தெரிஞ்சா ரெண்டு வருஷ சம்பளத்தத் திருப்பிக் கேட்ருப்பாரு. அவள கூப்புடு."

தாரணி தண்ணீர் எடுக்க வந்தவள், தப்பிக்க முடியாமல் ஃபோனை வாங்கினாள்.

"இன்னா கண்ணு, உங்கம்மா ஒரே பேஜாரா?"

"கொஞ்சம், ஆன்ட்டி."

"கொஞ்சம்தானா? அப்ப பரவால்ல. நில்லு, ஒண்ணு காட்றேன்."

தேசம்மாள் உள்ளே போய், ஏதோ அலமாரியைக் குடைந்து, பழுப்பேறிய ஒரு துண்டைக் கொண்டுவந்து கேமரா முன்னால் பிடித்தாள். காஸ்ட் அக்கவுண்டிங், யூனிட் மூன்று. கடைசி வருஷம் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டபோது அவள் பங்குக்கு வந்தது. உள்ளட்டையைத் திறந்தாள். தாரணிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஐந்து பேரையும் மெதுவாகப் படித்தாள். என் பேரில் நின்றாள்.

"அம்மா பேருக்கு மட்டும் ஏன் பச்சைல டிக்?"

தேசம்மாள் என்னைத் தேடினாள். நான் கேமராவில் இல்லை, அடுப்படியில் இருந்தேன். "இத்த சொல்லவே இல்லியா உன்னாண்ட?" என்றாள்.

நான் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலாவது செமஸ்டரில் என் அப்பா, லோடுமேன் வேலை பார்த்த யார்டில், கண்டெய்னர் கதவு காலில் அடித்துப் படுத்துவிட்டார். அம்மா வேலைக்குப் போனாள், நான் வீட்டோடு நின்றேன். காதர் பாய் கடையும் இல்லை, காலேஜும் இல்லை, பங்குக்குப் போட என்னிடம் ஒன்றும் இல்லை. படிப்பு அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை தேசம்மாள் வந்தாள். கூடையில் சங்கரா மீன், மீனுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் யூனிட் மூன்று. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. புத்தகத்தை வைத்தாள், தானே டிக் போட்டாள், போய்விட்டாள். திங்கட்கிழமை தவறாமல் பத்து வாரம் துண்டை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகப் படித்துப் பாஸ் செய்தேன். இன்றைக்கும் அந்தப் பாடத்தில் வருகிற ஓவர்ஹெட் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சங்கரா மீன் வாசனைதான் வரும்.

இதையெல்லாம் தேசம்மாள் நான்கே வாக்கியத்தில் தாரணியிடம் சொல்லி முடித்தாள். பச்சை எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். அப்பா படகின் ஐஸ் பெட்டிக்கு நம்பர் போடுகிற மார்க்கர்தான் அப்போதெல்லாம் அவள் கூடையில் இருக்குமாம்.

தாரணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா அப்போ காசு போடலையே, காலேஜுக்கும் வரலை. அப்புறம் ஏன் குடுத்தீங்க?" என்றாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கடலுக்குப் போற ஆளு காய்ச்சல்ல கரைல கெடந்தா, அவனுக்குப் பங்கு இல்லன்னுவாங்களா? கூடவோ கொறையவோ, அவன் பங்கு அவன் வூட்டுக்குப் போவும். நாளைக்கு நாமளும் கெடப்போம்ல?"

தாரணி அந்த உள்ளட்டையை இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டச் சொன்னாள். ஸ்க்ரீன் ஷாட் எடுத்தாள். ஆன்ட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே அறைக்குப் போய்விட்டாள்.

7

அடுத்த திங்கட்கிழமை அவள் பை லேசாகத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. அந்த ஒரு பாடத்தையாவது கற்றுக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அவள் அறைக் கதவு திறந்திருந்தபோது மேஜையைப் பார்த்தேன். ஐந்து துண்டில் ஒன்றுதான் இருந்தது. உள்ளட்டையில் ஐந்து பேர், ஆங்கிலத்தில். முதல் பேர் அமினா. தாரணி மூன்றாவது. பேருக்கு நேரே டிக் போடக் கட்டம்கூடப் போட்டிருந்தாள், ஸ்கேல் வைத்து.

மற்றது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அமினாவும் வகுப்பில் இன்னும் மூன்று பெண்களும் பங்கு போட்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு ஆறு பங்கு. ஆறாவது யாருக்கு என்று அவர்கள் கேட்டபோது, புத்தகத்துக்கு என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்திக்குப் புரியவில்லையாம். தாரணி தன் அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் ஆங்கிலத்தில், ஆனால் 'பங்கு' என்ற வார்த்தை மட்டும் தமிழில் வந்தது. அமினா தன் பங்கை இன்னும் போடவில்லை, முடிந்தபோது போடுவாள் என்றாள். ஏன் என்று அவள் அப்பா கேட்க, அவ கரைல இருக்காப்பா என்றாள். அவருக்கு விளங்கவில்லை. நான் சாம்பாரைக் கிளறுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பங்குப் பணமும் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் சேர்த்து, தவணையைக் கடைசி தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கட்டிவிட்டாள். லேப் வகுப்பில் பேர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையை மட்டும் இன்னும் விடவில்லை.

ஊரில் இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது பசை காய்ச்சுவதும் தைப்பதும்தான். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் இங்கே கோயிலில் சந்தித்தாலும் பேசுகிறோம், பிறந்தநாள் விழாவில் சந்தித்தாலும் பேசுகிறோம். நான் மட்டும் கொஞ்ச நாளாக அந்தப் பேச்சில் சேருவதில்லை.

நேற்று சாயங்காலம் பனி பெய்துகொண்டிருந்தது. எனக்கு லீவு. தாரணி காலேஜிலிருந்து வந்து ஷூவை இரண்டு காலிலும் கழற்றிவிட்டு, பையிலிருந்து இன்னொரு தடிப் புத்தகத்தை எடுத்து, என் முன்னால் தரையில் செய்தித்தாளை விரித்து வைத்தாள். அடுத்த செமஸ்டரின் நுண்ணுயிரிப் பாடம். அதன்மேல் ஒரு ரசீது. வாங்கிய புத்தகம்தான். ஸ்டிக்கர் எதுவும் இல்லை. எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காதில் ஹெட்போன் இருந்தது.

நான் கத்தியை எடுத்தேன். எடுத்தவுடன் கீழே இறக்காமல் பிடித்துக்கொண்டு, "யாருது?" என்றேன்.

தாரணி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ரசீதை ஓரமாகத் தள்ளினாள். வலது உள்ளங்கையை விரித்துப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.